மலைக்கிழவி பேசும் தமிழ்

கிறீச். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் கிறீச், இந்த முறை இன்னும் குட்டையாக, சோற்றில் கிடந்த கல்லைக் கடித்துவிட்டு யாரோ மெல்லுவதை நிறுத்திக்கொண்டதைப் போல. எலி இல்லை. எலி என்றால் ஓடும், நிற்கும், வேறொரு மூலையில் கேட்கும். இது ஒரே இடத்தில் இருந்துகொண்டு கடிக்கிறது, நிறுத்துகிறது, நான் கேட்கிறேனா என்று காது கொடுத்துப் பார்க்கிறது. மாதா கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடித்து ஒரு மணி நேரம்கூட இருக்காது. வெளியே உப்பளத்துப் பக்கமிருந்து காற்று, ஜன்னல் கதவு கொக்கியில் கிடந்து ஆடுகிறது, ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. என் புருஷன் செலஸ்டினுக்கு ஹார்பரில் செகண்ட் ஷிப்ட், பத்தரைக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்காது. பிள்ளைகள் இரண்டும் உள்ளறையில். ரெஜிதான் கதவைச் சாத்தினாள், தம்பி தூங்கிட்டான், நீ வராத என்று சொல்லிவிட்டு, ஐந்தரை வயதுக் குரலில், வீட்டுக்காரம்மா வாடகைக்காரியிடம் சொல்வதைப் போல. நான் முன்னறையில் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைக் குளிர்ந்த செம்பின்மேல் வைத்துக்கொண்டு. எழுத்து கோணல் கோணலாக வருகிறது. பன்னிரண்டாவது கதை, கடைசிக் கதை, நாளைக் காலைத் தபாலில் மதுரைக்குப் போக வேண்டும், இன்னும் ஒரு பக்கம்தான் நல்லபிரதி எடுக்க வேண்டும், ஆனால் நான் எழுதுவது கதையை இல்லை. எழுந்து போய் என்ன சத்தம் என்று பார்த்துவிடலாம். பத்து அடி. இந்த வீட்டில் எங்கிருந்து எங்கே போனாலும் பத்து அடிதான். எழுந்திருக்க முடியவில்லை. சத்தத்துக்குப் பயந்து இல்லை என்று எனக்கே தெரிகிறது. உள்ளறைக்குள் போனால் அவள் விழித்திருப்பாள், என்னைப் பார்ப்பாள், அதற்குத்தான். இந்த உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்துச் சத்தம் போடுகிறது, குடைக்கம்பி, கிணற்று உருளை, கதவுக் கீல், தாழ்ப்பாள், ஞாயித்துக்கெழம பாக்கேன், ஞாயித்துக்கெழம பாக்கேன் என்று செலஸ்டின் சொல்லி எத்தனை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. துருவாகத்தான் இருக்கும். கிறீச். துருவுக்குக் கை உண்டா, காற்று இல்லாத நேரத்திலும் அசைய.

கதையில் மொறுக் மொறுக் என்றுதான் நான் எழுதியிருந்தேன். பெரிய எழுத்தில், தனி வரியில். எட்டாம் வகுப்பில் சுத்தமான கைகளுக்காகக் கிடைத்த பரிசு நான் மொழிபெயர்க்கிற அந்தப் புத்தகம், படிப்புக்காக இல்லை, கைகளுக்காக. திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் எவரிஸ்டா வரிசையாக வருவார், ஹேண்ட்ஸ் என்பார், நாற்பது ஜோடிக் கைகள் நீளும், புறங்கை, பிறகு உள்ளங்கை, நகத்தில் அழுக்கு இருந்தால் ஸ்கேலின் கூர்ப்பக்கம் கணுவில் விழும், அழுதால் இன்னொன்று. நான் ஒருநாளும் வாங்கியதில்லை. ஸ்பாட்லெஸ் என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைக் கொடுத்தார், ஜப்பான் தேசத்து வனதேவதைக் கதைகள், ஆங்கிலத்தில், அட்டையில் ஒரு கொக்கு. பதினான்கு வயதில் அந்தக் கதைகளை மூச்சுவிடாமல் படித்தேன், அதில் யாரும் யாருக்கும் இரக்கப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. மலைமேல் ஒரு வீடு, ஒரு அம்மா, மூத்தது ஒன்று, கைக்குழந்தை ஒன்று. அம்மா சந்தைக்குப் போகிறாள், நான் வரும்வரை யாருக்கும் திறக்காதே என்கிறாள். வழியில் மலைக்கிழவி அவளைப் பிடித்துத் தின்றுவிட்டு அவள் உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறாள். அம்மா வந்திருக்கேன். கையைக் காட்டு என்கிறது பிள்ளை. ஓட்டை வழியாக நீண்ட கை சொரசொரவென்று மயிர் மண்டிக் கிடக்கிறது. எங்கம்மா கை வழவழன்னு இருக்கும், நீ எங்கம்மா இல்லை. கிழவி போய்ச் சேம்பு இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு வருகிறாள், இப்போது வழவழவென்று இருக்கிறது, திறக்கிறார்கள். ராத்திரி இருட்டில் மொறுக் மொறுக். அம்மா என்ன திங்கிற? ஊறுகாய். எனக்கும் ஒரு துண்டு தா. இருட்டில் வந்து விழுகிறது, தொட்டுப் பார்த்தால் குழந்தையின் விரல். மூத்தது ஓடி மரத்தில் ஏறுகிறது, கிழவி ஏறாதபடி அடிமரத்தில் எண்ணெயை ஊற்றிவிட்டு. வானத்திலிருந்து பிள்ளைக்குச் சங்கிலி இறங்குகிறது, கிழவிக்கு இற்றுப்போன கயிறு. அவ்வளவுதான் கதை. இதை நான் தமிழில் கொண்டுவந்தேன். முதல் பிரதி போனதும் பதிப்பகத்திலிருந்து தேவசகாயம் சார் கார்டு போட்டிருந்தார், அம்மா, கதை நன்று, ஆனால் மலைக்கிழவி பைபிள் தமிழ் பேசுகிறாள், அதைக் கேட்டு எந்தப் பிள்ளை கதவைத் திறக்கும், நீங்கள் உங்கள் வீட்டில் பிள்ளையிடம் எப்படிப் பேசுவீர்களோ அதை அப்படியே எழுதுங்கள், ஊறுகாய் கடித்தால் சத்தம் வராது, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பண்டமாகப் போடுங்கள். எனக்குச் சுரீரென்றது. சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஊறுகாயை அடித்துவிட்டு முறுக்கு என்று எழுதினேன். பிறகு கிழவியின் பேச்சு. நாலு நாள் நான் என்ன பேசுகிறேன் என்று நானே ஒட்டுக்கேட்டேன். தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, பாயை உதறும்போது. ஏட்டி ரெஜி, என் சங்குக்குட்டி, அம்மாக்குக் காலு கடுக்குதுல்லா, சீக்கிரம் வாயேன். சங்குக்குட்டி என்பது வேறு யாரும் சொல்லாத சொல், அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் காதைப் பார்த்து என் வாயில் வந்தது. அதையும் எடுத்துக் கிழவிக்குக் கொடுத்தேன். எடுத்ததும் கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள், உயிரோடு, மேஜைமேல். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட முடியாது, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காத சந்தோஷம். காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ராத்திரி ரெஜிக்கு வாசித்துக் காட்டினேன். கிழவி பேசும் இடத்தில் குரலை மாற்றவில்லை. மாற்றாமல் இருந்தால்தான் பயம் வரும் என்று தெரிந்து மாற்றாமல் வாசித்தேன். அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், நான் சங்குக்குட்டி என்றதும் அவள் கால்விரல்கள் மடங்கின, எனக்கு, நல்லா வந்திருக்கு என்று தோன்றியது. முடிந்ததும் கேட்டாள், பெறகு அந்தப் பிள்ளைக்க அம்மா வந்துட்டாளா? வரல. எப்பவுமேவா? எப்பவுமே. வந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதைக் குறைக்கக் கூடாது என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னது நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும்போது நான் இரண்டு குடத்தோடு தெருமுனைக்குப் போவேன், கதவைச் சாத்திக்கோ, அம்மாவுக்குத் தவிர யாருக்கும் திறக்காத என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன், எப்போதும் சொல்வதுதான், கதையில் வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னால் இருந்தே. கதை வாசித்த மறுநாள் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றால் உள்ளேயிருந்து, கையக் காட்டு. சிரித்தேன். ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன், தொட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தாள். விளையாட்டு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஒரு வாரம் கழித்து மழைத்தூறலில் தலையில் ஒரு குடம் இடுப்பில் ஒரு குடம், கையக் காட்டு. ஏட்டி, தொறக்கியா இல்ல வந்து வைக்கவா ஒண்ணு என்று கத்தினேன், திறந்தாள், திறந்துவிட்டு ஓடிப்போய்த் தம்பியின் தொட்டில் பக்கம் நின்றுகொண்டு அவன் விரல்களை எண்ணினாள். ஒண்ணு ரெண்டு மூணு. அதன்பிறகு தினமும் எண்ணினாள், காலையில் எழுந்ததும், நான் பால் கொடுத்து முடித்ததும். என் மடியிலிருந்து அவனை வாங்கும்போது நகைக்கடைக்காரரைப் போல் புரட்டிப் பார்ப்பாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூத்ததுகளுக்குப் பொறாமை இருக்கும்தான் என்று எதிர்வீட்டு ராயப்பன் பெண்சாதி சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். இன்றைக்கு மைனி வந்தார்கள். செலஸ்டினின் அக்கா, மரியபுஷ்பம் மைனி, மாதா கெபித் திருவிழாவுக்கு வந்தவர்கள் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கோடு வந்தார்கள், கூடவே ராயப்பன் பெண்சாதியும் என்ன மைனி சுகமா என்று வந்து உட்கார்ந்துகொண்டாள். ஏ ரெஜி, அத்த உனக்கு முறுக்கு கொண்டாந்திருக்கேன் பாரு, கையை நீட்டு. ரெஜி பின்னால் போனாள். அது முறுக்கு இல்ல. பெறகு என்னதாம்ட்டி? தம்பி வெரலு. மைனி முதலில் சிரித்தார்கள், என்ன செசிலி, பிள்ள இப்படிப் பேசுது? கதை மைனி, ஒரு கதையில வருது என்றேன். என்ன கதை, பேய்க்கதையா? இங்கிலீஷ்ல படிச்சவ பிள்ளைக்குப் பேயப் படிச்சுக் குடுத்திருக்கா பாத்தியா என்று ராயப்பன் பெண்சாதியிடம் சொன்னார்கள். அப்போதுதான் ரெஜி என்னைக் கைநீட்டிக் காட்டி, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள், அத்த, இது எங்கம்மா இல்ல. இது எங்கம்மாவத் தின்னுட்டு எங்கம்மா சேலையக் கட்டியிருக்கு. பிறகு மைனி சிரித்தார்கள் பாருங்கள், பின்னால் சாய்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு, சரியாப் போச்சு போ, பிள்ளைக்குத் தெரிஞ்சது என் தம்பிக்கு ஆறு வருஷமாத் தெரியலையே! ராயப்பன் பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்ல செசிலி, சிரிப்புக்குச் சொன்னாலும், பெத்தவளப் பாத்து இப்படிப் பேசுற நாக்க எங்கம்மையா இருந்தா சும்மா விட்டிருக்க மாட்டா, ஒரே ஒரு சூடு, சென்மத்துக்கும் மறக்காது, நீங்கதான் கான்வென்டுல, அடிக்கப்படாது திட்டப்படாது என்று இழுத்தார்கள். கான்வென்டில் அடிக்கக்கூடாது என்று யார் சொன்னது. நான் ரெஜியின் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இழுத்துக்கொண்டு போகவில்லை, கூட்டிக்கொண்டுதான் போனேன், அவளும் வந்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பைத் தீயில் காட்டினேன். கோபத்தில் செய்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம், சாமியாரும் மூன்று அருள்நிறைந்த மந்திரம் அபராதமாகக் கொடுப்பார். கோபம் இல்லை. காம்பு நிறம் மாறும்வரை காத்திருந்தேனே, கோபம் அவ்வளவு நேரம் காத்திருக்குமா. முன்னறையில் அவர்கள் காதில் விழ வேண்டும் என்று இருந்தது. பாவாடையைத் தூக்கிக் கெண்டைக்காலில் வைத்தேன். உஸ் என்றது. ரெஜி அழவில்லை. உதடு வெளுத்தது, என்னை ஏறிட்டுப் பார்த்து, பாத்தியா என்றாள். அவ்வளவுதான். கணக்கு சரியாக வந்ததும் சிலேட்டைக் காட்டுகிற முகம். பாத்தியா.

அவர்கள் டீ குடிக்காமலே போனார்கள், ஐயோ, நான் பேச்சுக்குல்லா சொன்னேன் என்று மைனி வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்கள், தூக்குவாளி இங்கேதான் இருக்கிறது. அவர்கள் போனதும் நான் அந்தக் காம்பை மறுபடி தீயில் காட்டி என் வலது உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தேன். எவ்வளவு சுடும் என்று தெரிய வேண்டும், அதற்காக. அல்லது அதற்காக இல்லை. சிஸ்டர்கள் பெரிய வெள்ளிக்கிழமை கூழாங்கல்மேல் முழங்காலிடுவார்கள், எழுந்து வரும்போது முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், அது எனக்கும் வரும் என்று நினைத்திருக்கலாம். வரவில்லை. தோல் வந்தது. இப்போது அங்கே கொப்புளம், புன்னைக்காய் பருமனுக்கு ஒன்று, சுற்றிக் குட்டி குட்டியாக. மருந்து போடலாம் வா என்று ரெஜியைக் கூப்பிட்டேன், மடியில் உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் போட்டுவிடலாம், ஊதிவிடலாம், அழட்டும், சேர்ந்து அழலாம். அவள் எண்ணெய்ப் புட்டியை மட்டும் கேட்டாள். நானே போட்டுக்கிடுதேன். கொடுத்தேன். கேட்டாளே என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது, புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள், வலது காலை இழுத்து இழுத்து. கிறீச். இதோ, மறுபடியும். இப்போது கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் மெதுவாக, கடிப்பதைவிட வழுக்குவதைப் போல. எங்கிருந்து என்றே தெரியவில்லை, இந்தச் சுவர்கள் ஒரு சத்தத்தை வாங்கினால் நாலு பக்கமும் திருப்பிக் கொடுக்கும். எனக்குள்ளேயிருந்து வந்தாலும் வரும். சிரிப்பதற்கு இல்லை. குழாயடிக்கும் வீட்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் அந்த மலைக்கிழவி என்னைப் பிடித்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மன் கோயில் திருப்பமா, ஐஸ் பேக்டரிச் சுவரோரமா. சின்னவன் அமல் பிறந்த மாதத்தில், இடைவிடாமல் பசி, மூன்று பேர் சோற்றை ஒரே ஆளாகத் தின்றேன், பேய்த்தீனி திங்கா என்று மைனி சொன்னார்கள், அப்போதேவா. அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் கடிக்கலாம்போல வருமே, எல்லா அம்மாவுக்கும் வருவதுதான், அந்த விரல்களை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறேன், பொய்க்கடி கடித்திருக்கிறேன், ரெஜி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளை பொய் சொல்லவில்லை என்றால். தின்னப்பட்டவளுக்குத் தான் தின்னப்பட்டது தெரியும், தின்றதற்கு எப்படித் தெரியும். அது தன்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு குடம் சுமக்கும், தலை வாரிவிடும், மொழிபெயர்க்கும்.

தம்பி அழ ஆரம்பித்தான். பசி அழுகை, முதலில் இருமல் மாதிரி ஒன்று, பிறகு இழுத்துப் பிடித்து. இரண்டு மார்பும் கேட்டதும் கசிந்தன, ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டது, இது பொய் இல்லையே, மலைக்கிழவிக்குப் பால் சுரக்குமா, எந்தக் கதையிலும் இல்லை, எழுந்துவிட்டேன், பத்து அடி, உள்ளறைக் கதவின்மேல் கையை வைத்தேன். கிறீச் சத்தம் நின்றுபோயிற்று. ரெஜி என்றேன். கதவுக்கு அந்தப்பக்கம் மிக அருகில் மூச்சு. ரெஜி, தம்பி அழுகான் பாரு, அம்மா பால் குடுக்கணும். நீ யாரு? அம்மாதான்ட்டி. அது அப்படித்தான் சொல்லும். ஆமாம், அப்படித்தான் சொல்லும், முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அம்மாக்குக் காலு கடுக்குதுல்லா, கதவத் தொற. அதுவும் எழுதியதுதான், வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் தெரிந்தது. அவளுக்குச் சொல்ல வேறு என்ன வைத்திருக்கிறேன் என்று தேடினேன், இருட்டில் பானை பானையாகக் கைவிட்டுத் துழாவுவதைப் போல, ராசாத்தி, அது கதையில் இருக்கிறது, என் பொன்னுல்லா, அதுவும், தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் கிழவி வாயில் போட்டிருக்கிறேன், ஒரு சொல் எனக்கென்று மிச்சம் வைக்கவில்லை. ஓப்பன் த டோர், சைல்ட் என்றேன். அது சிஸ்டர் எவரிஸ்டா. நானே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் அந்த ஒரு சொல் தானாக வந்துவிட்டது, நான் சொல்லவில்லை, அழுகையில் வந்துவிட்டது, என் சங்குக்குட்டி. உள்ளே ரெஜி தம்பியிடம் சன்னமாக, பாத்தியால, அதே மாதிரி சொல்லுது. கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. ஒரு தள்ளு போதும். ஐந்தரை வயதுப் பிள்ளை, நோஞ்சான், ஒரு தள்ளுக்கு எவ்வளவு தாங்கும், தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம், நாளைக்கு எல்லாம் சரியாகும் என்று கை சொல்லியது. இன்றைக்கு ஒருமுறை அந்தக் கை சொன்னதைக் கேட்டாயிற்று. தள்ளினால் அவளுக்கு எந்தச் சந்தேகமும் மிஞ்சாது. கையக் காட்டு என்றாள். மண்டியிட்டேன். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, இடது கையைக் கவிழ்த்து உள்ளே நுழைத்தேன். ஒரு குட்டி விரல் என் நகங்களைத் தொட்டது, கணுக்களை, ஒவ்வொன்றாக, எண்ணுகிறாள், பிறகு புறங்கை முழுக்கத் தடவினாள். வழவழன்னு இருக்கு என்றாள், தனக்குத்தானே. ஐந்து வருஷமாக அவளைக் குளிப்பாட்டிய கை. மாதாவே, தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டது, என் நெற்றி கதவில் இடித்துக்கொண்டிருந்தது. தம்பி தேம்பினான். மத்தக் கை என்றாள். இல்ல ரெஜி, அது வேண்டாம், இதுதான் அம்மா கை. மத்தக் கையும் காட்டு. காட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், காட்டினால் என்ன ஆகும் என்றும் தெரியும், நாற்பது பேர் வரிசையில் நிற்கிறோம், திங்கட்கிழமை, புறங்கை, பிறகு உள்ளங்கை. வலது கையை மல்லாத்தி நுழைத்தேன். கதவின் அடிவிளிம்பு கொப்புளத்தை உரசிக்கொண்டு போயிற்று. குட்டி விரல் வந்தது, நடு உள்ளங்கையில் நேராக வந்து இறங்கியது, கொப்புளம் உடைந்து நீர் ஓடிற்று, அவள் விரல் அந்தச் சொரசொரப்பில், உரிந்த தோலில், ஒரு நொடி நின்றது, வழுக்கியது, அவள் விரல் நுனியெல்லாம் எண்ணெய். தேங்காய் எண்ணெய். காலில் போடவில்லை. மூலத்தில் இருப்பதைக் குறைக்கக் கூடாது, அடிமரத்தில் எண்ணெயை ஊற்றிவிட்டு என்று குறைக்காமல்தான் வாசித்தேன், அவளும் ஒன்றையும் குறைக்கவில்லை. விரல் போய்விட்டது. என் கை அங்கேயே கிடந்தது, கதவுக்கு அந்தப்பக்கம், இருட்டில், வெட்டிப் போட்டதைப் போல. அழாதல தம்பி, அக்கா இருக்கேம்லா, அது போயிரும் என்றாள், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு எழுந்திருப்பது கேட்டது, இழுத்து மூச்சுப் பிடிப்பது கேட்டது, ஆறு வருஷமாகச் செலஸ்டினுக்கும் எனக்கும் நகராத தாழ்ப்பாள் கிறீச் என்றுகூட இல்லாமல், எண்ணெயில் வழுக்கி, கடைசிவரை போய், டக்கென்று உள்ளே விழுந்தது.